தெரியாதவர்கள் நாற்காலி

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் ஓரிடத்தில் கூடினால் போதும். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, முட்டிவலி எல்லாம் முடிந்த கையோடு பள்ளிக்கூடத்தில் வாங்கிய அடியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறீர்கள். ஒருவர் புளியம் விளாரால் வாங்கினேன் என்கிறார். அது என்ன பெரிய அடி, நான் வெயிலில் மணலில் முட்டி போட்டேன் என்கிறார் இன்னொருவர். கடைசியில் எல்லாரும் சேர்ந்து, அடியாத மாடு படியாது, அன்றைக்கு வாங்கிய அடிதான் இன்றைக்கு நம்மை நிறுத்தி வைத்திருக்கிறது என்று முடிக்கிறீர்கள். போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருந்தபோதும் இதே பேச்சு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டேன். அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன். படித்துவிட்டுத் திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் இலுப்பூருக்குத் தெற்கே, பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஒரு மைல் உள்ளே இருந்தது. பள்ளிக்கூடம் என்பது ஓடு வேய்ந்த கட்டடம் ஒன்று, அதற்கு முன்னால் ஒரு தாழ்வாரம், அவ்வளவுதான். தாழ்வாரத்தில் ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும். உள்ளே மூன்று, நான்கு, ஐந்து மூன்றும் ஒரே அறையில். ஐந்து முடித்தவர்கள் மேலே படிக்க இலுப்பூருக்குப் போக வேண்டும். எங்கள் ஊரிலிருந்து அதுவரை ஒரு பெண்பிள்ளைகூடப் போனதில்லை.

பள்ளிக்கூடத்தில் நான் வாய் திறக்காத பிள்ளை. எல்லாரும் சேர்ந்து வாய்ப்பாடு சொல்லும்போது உதட்டை மட்டும் அசைப்பேன். தலைமையாசிரியரை ஊரே பெரிய வாத்தியார் என்றுதான் சொல்லும். அவர் கேள்வி கேட்டால் எழுந்து நின்று என் கால் கட்டைவிரலைப் பார்ப்பேன். தெரிந்த பதிலும் தொண்டைக்கு மேலே ஏறாது. தெரியாதவர்கள் எல்லாம் பெஞ்சு மேல் ஏறுங்கள் என்பார். ஏறுவேன். பள்ளிக்கூடத்திலேயே ஒரே ஒரு பெஞ்சுதான், அதில் என் காலடி படாத இடம் கிடையாது. மணியக்காரர் மகன் எங்கள் வகுப்பில் முதல் பையன். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை என்கிற மாதிரி முதல் பையன். அவன்தான் எனக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர் வைத்தான். வீட்டில் ஆத்தாவின் பின்னாலேயே திரிந்து ஓயாமல் பேசுகிறவள் நான் என்று சொன்னால் வகுப்பில் ஒருவரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷம், ஐப்பசி மழை நேரத்தில், புதிதாக ஒரு வாத்தியார் வந்தார். கோட்டைப்பட்டினத்து முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. ட்ரெயினிங் முடித்து வந்த முதல் வேலை. இருபத்திரண்டு வயது இருக்கலாம், நகம் கடிப்பார். உள்ளே இருந்த மூன்று வகுப்பையும் பெரிய வாத்தியார் அவர் தலையில் கட்டிவிட்டார். மூன்றாம் வகுப்புக்குக் கூட்டல் சொல்ல ஆரம்பித்தால் ஐந்தாம் வகுப்பு சந்தையாகிவிடும். எங்கள் பக்கம் திரும்பினால் சின்னதுகள் ஒன்றையொன்று கிள்ளிக்கொண்டு அழும். ஓட்டில் மழை கொட்டுகிற சத்தத்துக்கு மேலே ஒரு வாரம் கத்திப் பார்த்தார். தொண்டை கட்டிக்கொண்டது.

அதற்கப்புறம்தான், தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள் என்று விட்டார். பெரிய தத்துவம் ஒன்றுமில்லை, வேறு வழி இல்லை. ஆனால் நாங்கள் எப்படிச் சொல்லிக்கொடுத்தோம்? எங்களுக்குத் தெரிந்த ஒரே விதமாகத்தான். மணியக்காரர் மகன் ஒரு சின்னப் பையனுக்குக் கழித்தல் சொல்லிக்கொடுத்தான். மூன்றாவது தப்புக்கு அவன் தலையிலேயே சிலேட்டால் ஒரு போடு போட்டான். சிலேட்டில் கீறல் விட்டது, பையன் மூத்திரம் போய்விட்டான். வாத்தியார் அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்க் கழுவிவிட்டு வந்தார். வந்தவர் தன் நாற்காலியைத் தூக்கி அறை நடுவில் போட்டார்.

அந்த நாற்காலியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பிரம்பு அறுந்துபோய் அதன்மேல் ஒரு பலகையை வைத்து அடித்திருந்தார்கள். இரண்டு பக்கமும் கை வைத்தது. வகுப்பில் அது வாத்தியாருக்கு மட்டும்தான், நாங்கள் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை.

"தெரியாதவங்க யாரு? வந்து இதுல ஒக்காருங்க" என்றார்.

ஒருவரும் அசையவில்லை. இது ஏதோ புதுத் தண்டனை என்று நினைத்தோம். அவரே அந்த அடிபட்ட பையனைத் தூக்கி உட்கார வைத்தார். பிறகு சட்டம் சொன்னார். நாற்காலியில் இருக்கிறவர் யாராக இருந்தாலும், எத்தனை சின்னவராக இருந்தாலும், மற்றவர்கள் 'வாங்க, பாருங்க' என்றுதான் பேச வேண்டும். சிரிக்கக் கூடாது. புரிந்துவிட்டது என்று நாற்காலிக்காரர் வாயால் சொல்லும்வரை விதவிதமாகச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அதுவரை வாத்தியார் தரையில் உட்கார்ந்திருப்பார், பேச மாட்டார். இந்தக் கடைசிச் சட்டத்தை அடிக்கடி மீறியது அவர்தான். பொறுக்க முடியாமல் நடுவில் வாயைத் திறப்பார். "சார், நீங்க பேசக் கூடாது" என்று சின்னதுகள் எல்லாம் அவர் மேல் பாயும்.

மணியக்காரர் மகன் அந்தப் பொடியனைப் பார்த்து "இங்க பாருங்க" என்று சொல்ல வேண்டி வந்தபோது அவன் முகம் போன போக்கை நான் இன்னும் மறக்கவில்லை.

நான் அந்த நாற்காலியில் உட்காரப் பத்து நாள் ஆனது. வகுத்தல் கணக்கு. பெரிய எண்ணை வகுக்கும்போது பக்கத்து எண்ணைக் கீழே இறக்குவார்களே, ஏன் இறக்குகிறார்கள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. நானாக எழுந்து போகவில்லை. பக்கத்தில் இருந்த ஆட்டுக்காரர் மகள் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். உட்கார்ந்தபோது கால் தரைக்கு எட்டவில்லை. இறக்கணும்னா இறக்கணுங்க, அதுதாங்க சட்டம் என்றான் மணியக்காரர் மகன். நான் தலையை ஆட்டினேன். வாயால் சொல்ல வேண்டும் என்று எல்லாரும் கத்தினார்கள். "புரியலை" என்றேன். அந்தப் பள்ளிக்கூடத்தில் நானாகச் சத்தம் போட்டுச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

அவன் மறுபடியும் சொன்னான். புரியலை என்றேன். கரும்பலகையில் எழுதிக் காட்டினான். புரியலை. அவனுக்கு வியர்த்துவிட்டது. அப்போது ஆட்டுக்காரர் மகள் தன் பையிலிருந்து புளியங்கொட்டையைத் தரையில் கொட்டினாள். பத்துப் பத்தாகக் குவித்து நாலு பேருக்குப் பங்கு வைத்தாள். பங்கு போட முடியாமல் மிஞ்சிய குவியலைக் கலைத்து, கிடந்த உதிரிக் கொட்டைகளோடு சேர்த்து மறுபடியும் பங்கு வைத்தாள். இதுதாங்க இறக்குறது என்றாள். எனக்குச் சட்டென்று விளங்கியது. மணியக்காரர் மகன், "அட, இதுக்குத்தான் எறக்குறமா?" என்று அவளைக் கேட்டான். நாலு வருஷமாக முதல் பையனாக இருந்தவனுக்கு அன்றுவரை அது தெரியாது.

மார்கழி, தை, மாசி மூன்று மாதமும் நான் பேசினேன். அதுவரை பேசாததை எல்லாம் சேர்த்துப் பேசினேன். தெரியாதவர்கள் யார் என்று அவர் கேட்டால் நாற்காலிக்கு அடிதடி நடக்கும். தெரிந்தவர்களும் தெரியாது என்று கை தூக்குவார்கள். உட்கார்ந்து மரியாதை வாங்கிக்கொண்டு, குறுக்குக் கேள்வி கேட்டு, சொல்ல வந்தவனைத் திணற அடிப்பதில் ஒரு சுகம் இருந்தது. நான் இரண்டு தடவை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவும் எழுந்தேன். வகுத்தலில் என்னை மிஞ்ச ஆளில்லை.

இது அப்பா காதுக்கும் போனது. அப்பா கடலைக்காட்டையும் கிணற்றையும் தவிர வேறொன்றும் அறியாதவர், கையெழுத்துப் போட மட்டும் தெரியும். ஒருநாள் சோறு தின்றுகொண்டே, பங்குனியில் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்து போகட்டும், பெரிய வாத்தியார் ஒரு நல்ல வார்த்தை சொன்னால் உன்னை இலுப்பூரில் சேர்க்கிறேன், அத்தை வீட்டில் இருந்து படிக்கலாம் என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் அத்தை வீட்டில் எந்த மூலையில் பை வைப்பது என்று முடிவு செய்துவிட்டேன்.

இன்ஸ்பெக்டர் வருகைக்கு ஒரு வாரம் ஏற்பாடு நடந்தது. ஊமத்தை இலையையும் அடுப்புக்கரியையும் அரைத்துக் கரும்பலகையில் பூசினோம். கையெல்லாம் கறுத்து, சோற்றிலும் அந்தப் பச்சை வாடை அடித்தது. தரையைச் சாணி போட்டு மெழுகினோம். நாற்காலியைச் சோப்புப் போட்டுக் கழுவி, மணியக்காரர் வீட்டுப் பூப்போட்ட துண்டை அதன்மேல் விரித்தார்கள். எல்லாம் செய்தார்கள். ஒன்றை மட்டும் செய்யவில்லை. இந்த அறைக்கு வெளியே 'தெரியாது' என்ற சொல்லுக்கு வேறு அர்த்தம் என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. நான் இதில் கோட்டைப்பட்டினத்து வாத்தியாரையும் விடப்போவதில்லை. பெரிய வாத்தியாரிடமும் அவர் நாற்காலி விஷயத்தை விளக்கவில்லை. பிள்ளைகள் வாய் திறந்துவிட்டார்கள், அதைப் பார்த்தாலே இன்ஸ்பெக்டருக்குப் போதும் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. அத்தனை வெள்ளந்தி.

இன்ஸ்பெக்டர் மணியக்காரர் வீட்டு வண்டியில் வந்து இறங்கினார். கோட்டுப் போட்டிருந்தார், கழுத்தெல்லாம் வேர்வை. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் கையெழுத்தைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னார். பிறகு எங்களிடம் வந்து, நாம் இருக்கும் ஜில்லா எது என்று கேட்டார்.

மணியக்காரர் மகன் விறைப்பாக எழுந்து, "புதுக்கோட்டை ஜில்லா சார்" என்றான்.

சமஸ்தானம் போய் வருஷக்கணக்கில் ஆகியிருந்தது. புதுக்கோட்டையைத் திருச்சி ஜில்லாவோடு சேர்த்துவிட்டார்கள், நாங்கள் பிறந்து வளர்ந்ததே அதில்தான். ஆனால் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் வாயில் சமஸ்தானம் போகவே இல்லை. இன்ஸ்பெக்டருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தப்பு என்றார். எங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "இது தெரியாதவங்க யாரு? கையத் தூக்குங்க" என்றார்.

அதே வார்த்தை. அட்சரம் பிசகாமல் அதே வார்த்தை. மூன்று வகுப்பும் ஒரே வீச்சில் கையைத் தூக்கியது. ஜில்லா என்றால் என்னவென்றே அறியாத பொடியன்கள், எட்டாத உயரத்துக்குக் கையை நீட்டி, நான் நான் என்று குதித்தார்கள். எல்லாரையும் முந்திக்கொண்டு ஓடியது நான். இன்ஸ்பெக்டருக்குப் பின்னால் கிடந்த நாற்காலியில், அந்தப் பூப்போட்ட துண்டின் மேல், ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றேன். "அரமணை புதுக்கோட்டையிலதான இருக்கு? கோர்ட்டு கச்சேரி எல்லாம் அங்கிட்டுத்தான இருக்கு? பின்ன ஏன் புதுக்கோட்டை இல்லைங்க? எனக்குப் புரியிற வரைக்கும் சொல்லுங்க."

நல்ல கேள்வி என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். பிற்பாடு புதுக்கோட்டை தனி மாவட்டமே ஆகிவிட்டது. அந்தச் செய்தி வந்த அன்றைக்கு நான் தனியாகச் சிரித்தேன்.

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்க்கவில்லை, தரையில் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்த வாத்தியாரைப் பார்த்தார். அவரும் பழக்க தோஷத்தில் உட்கார்ந்துவிட்டிருந்தார். அவசரமாக எழுந்து, சார், இது எங்கள் வகுப்பு வழக்கம் என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் வரவில்லை, கை வாய்க்குப் போய்விட்டது. நேற்றுவரை ஊமையாக இருந்த பிள்ளை இது, மூன்று மாதத்தில் இப்படிக் கேட்கிறது என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். எங்களைப் பேச வைத்த மனுஷனுக்குப் பேச வரவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

வாசலில் நின்ற பெரிய வாத்தியார்தான் பேசினார். "எந்திரி" என்றார். நாற்காலியில் இருக்கிறவரை யாரும் அப்படிச் சொல்லக் கூடாதே என்று நான் ஒரு நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு நிமிஷம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. அவர் வந்து தோளைப் பிடித்து இறக்கினார்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் எழுதிவிட்டுப் போனதைப் பெரிய வாத்தியார் எங்களுக்கு வாசித்துக் காட்டினார். வகுப்பில் ஒழுங்கு இல்லை, சாதாரணக் கேள்விக்கு அத்தனை பிள்ளைகளும் தெரியாது என்று கை தூக்குகிறார்கள் என்று எழுதியிருந்தது. அதில் ஒரு பொய்யும் இல்லை, அதுதான் கொடுமை. நாற்காலி சுவரோரம் போனது. நான் பெஞ்சு மேல் ஏறினேன். என்னோடு சேர்ந்து மணியக்காரர் மகனும் ஏறினான், அவனுக்கு அதுதான் முதல் தடவை. பெரிய வாத்தியாருக்குப் பள்ளிக்கூடத்தின் பேர் கெட்டுவிடும் என்ற பயம். பயந்தவர்கள் பிள்ளைகளைத்தான் பெஞ்சு மேல் ஏற்றுகிறார்கள்.

அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தாழ்வாரத்துக்குக் கீழே வெயிலில் நின்றார். இன்ஸ்பெக்டருக்குப் போட்ட நாற்காலியில் ஏறி உட்கார்ந்து சட்டம் பேசுகிறது, பெண்பிள்ளையை இப்படியா வளர்ப்பது என்று பெரிய வாத்தியார் எல்லார் முன்னாலும் கேட்டார். தப்புத்தாங்க, தப்புத்தாங்க என்றார் அப்பா. வீட்டில் வந்து என்னை அடிக்கவில்லை. மூன்று நாள் பேசவில்லை. என்ன ஆனது என்று நான் சொல்ல வாயெடுக்கும் போதெல்லாம், நீ பேசினது போதும்டி என்று ஆத்தா அடக்கினாள். அடித்திருந்தால் அழுது தீர்த்திருப்பேன். மூன்று நாளில் என் வாய் பழையபடி ஆகிவிட்டது. மூன்று மாதம் பட்ட பாடு மூன்று நாளில் போனது.

கோடை லீவுக்குப் பள்ளிக்கூடம் மூடுவதற்குள் கோட்டைப்பட்டினத்து வாத்தியாரை மாற்றிவிட்டார்கள். மணமேல்குடிப் பக்கம். சொந்த ஊருக்குக் கிட்டத்தில்தானே போகிறார், அவருக்கு நல்லதாகப் போயிற்று என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். கிளம்புகிற காலையில் பஸ்ஸுக்குப் போகும் வழியில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். ஆத்தா மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் அதைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, பிள்ளையை இலுப்பூருக்கு அனுப்புங்கள் என்று அப்பாவிடம் கேட்டார். நடந்ததற்கெல்லாம் பிள்ளை பொறுப்பில்லை, நான்தான் பொறுப்பு என்றார். அன்றைக்கு இன்ஸ்பெக்டரிடம் வராத பேச்சு அப்பாவிடம் நன்றாகவே வந்தது.

 அப்பா மறுத்துவிடுவார் என்று நான் கதவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் மறுக்கவில்லை.

"நான் குறுக்க நிக்கலைங்க" என்றார். "அதுக்கு ஆசை இருந்தா அனுப்புறேன். அதுகிட்டயே கேளுங்க."

வாத்தியார் மோரைக் கீழே வைத்துவிட்டு என் முன்னால் குந்தி உட்கார்ந்தார். அவர் முகம் என் முகத்துக்கு நேராக இருந்தது. "இலுப்பூருக்குப் போயிப் படிக்கிறீங்களா?" என்று கேட்டார். நாற்காலியில் இருக்கிறவரிடம் கேட்கிற மாதிரியே கேட்டார்.

எனக்குப் பின்னால் ஆத்தா நின்றாள். பக்கத்தில் அப்பா. நான் வாயைத் திறந்து ஏதாவது சொன்னால் அப்பாவை மறுபடி யாராவது வெயிலில் நிறுத்துவார்கள் என்று தோன்றியது. கால் கட்டைவிரலைப் பார்த்தேன்.

"தெரியாது" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. அவருக்குத் தெரிந்தவரை அந்தச் சொல்லுக்குப் பின்னால் எப்போதும் ஒரு கேள்வி வரும். அதற்காகக் காத்திருந்தார். பேசாமல், அவசரப்படுத்தாமல், தன் சட்டத்தைத் தானே ஒழுங்காகக் கடைப்பிடித்துக் காத்திருந்தார். அந்த ஒரு தடவையாவது அவர் சட்டத்தை மீறியிருக்கலாம். தூரத்தில் ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டது. பார்த்தீர்களா, அதற்கே ஆசையில்லை என்று அப்பா வருத்தமாகத்தான் சொன்னார். வாத்தியார் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்து ஓடினார்.

ஆனி மாதம் இலுப்பூரில் பள்ளிக்கூடம் திறந்த அன்று நான் கடலைக்காட்டில் களை பறித்துக்கொண்டிருந்தேன். மணியக்காரர் மகன் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வரப்பு வழியாகப் பஸ்ஸுக்குப் போனான். என்னைப் பார்த்ததும் நின்று, "நீங்க வரலையா?" என்று கேட்டான். கேலி இல்லை, நிஜமாகவே 'நீங்க' என்றான். நான் தலையை மட்டும் ஆட்டினேன். படிக்கணும் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், அப்பா அனுப்பியிருப்பார். அந்தச் சொல் எனக்குத் தெரியும்.